கசுமிகசெகி: தூரம் அடிக்க வராதவளின் குறிப்புகள்

கோல்ஃப் ஆடுவேன் என்று எங்கள் பக்கம் யாரிடமாவது சொன்னால், "அதுல எவ்ளோ நேரம் ஓடணும்?" என்றுதான் கேட்பார்கள். ஓட வேண்டியதே இல்லை என்றால் முகம் மாறும். காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு அது இன்றைக்கும் "கம்பியால பந்த நெம்பற வேலை". "அதுக்கா ஞாயித்துக்கிழமை விடியகாத்தால பெங்களூர் போற?" என்பாள். நான் பதில் சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் வாங்குகிறவர்கள் ஜப்பான்காரர்கள். அங்கிருந்து ஆலோசகராக வந்து இரண்டு மூன்று வருடம் தங்குகிறவர் யாராக இருந்தாலும், வெள்ளிக்கிழமை சாயங்காலப் பேச்சு கோல்ஃபில் போய்த்தான் முடியும். அப்படி வந்த ஒரு பெரியவர்தான் என் கையில் பட்டரை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கட்டையைக் கொடுத்தவர். மைக்ரோமீட்டர் பிடிக்கிற கைக்கு இது சுலபம் என்றார். பட்டிங் பற்றி அவர் சொன்னது சரிதான். தூரம் அடிக்கிற டிரைவர் கட்டை விஷயத்தில் அது பலிக்கவில்லை. எத்தனை பயிற்சி எடுத்தாலும் என் பந்து 150 யார்டைத் தாண்ட மூக்கால் அழும்.

அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனபின் சொன்ன சேதிதான் என்னைத் தூக்கிப்போட்டது. அவர் உறுப்பினராக இருக்கும் கிளப், சைத்தாமா மாவட்டம் கவாகோயேவில் உள்ள கசுமிகசெகி கண்ட்ரி கிளப். "வேலை விஷயமாக ஜப்பான் வந்தால் ஒரு நாள் ஆடலாம், வா" என்றார். டோக்கியோ ஒலிம்பிக் கோல்ஃப் நடந்த மைதானம் அது. அதிதி அசோக் ஆடிய மைதானம்.

2021 ஆகஸ்ட் 7 காலையை மறக்கவே முடியாது. விடிவதற்கு முன்பே டிவியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து உட்கார்ந்திருந்தேன். உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்த பெங்களூர்ப் பெண் அதிதி, மூன்று சுற்று முடிவில் இரண்டாம் இடத்தில் நிற்கிறாள். அந்த வருடம் கொரோனா வந்துபோனதில் அடியின் வலுவும் குறைந்திருந்தது. கூட ஆடியவர்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் பல யார்டு போய் நிற்பார்கள். இவள் பின்னாலிருந்து நீளக் கட்டையால் தட்டி, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு ஏற்றி, பட்டரால் கணக்கை நேர் செய்துகொண்டே வந்தாள். பை தூக்கியது அவள் அம்மா. 2016 ரியோவில் அப்பா தூக்கினார், டோக்கியோவில் அம்மா. கடைசிச் சுற்றின் நடுவே இடி மின்னல் என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். நான் அந்த இடைவெளியில் இட்லி ஊற்றி முடித்தேன். முடிவில் நெல்லி கோர்டா 17 அண்டர் (பார் என்று வகுத்த அடிக் கணக்குக்கு 17 குறைவு), மோனே இனாமியும் லிடியா கோவும் 16, அதிதி 15. ஒரே ஒரு அடியில் பதக்கம் போனது. அன்று சாயங்காலமே நீரஜ் சோப்ரா ஈட்டியில் தங்கம் வாங்கிவிட, காலையில் நடந்ததைப் பேச ஆளில்லை. எங்கள் லைனில் ஒரு பையன் மட்டும் "மேடம், அந்தக் கடைசி பட் விழுந்திருக்கணும்" என்றான். அவனுக்கு அன்று என் கணக்கில் டீ.

ஆகவே நவம்பரில் ஜப்பான் பயணம் என்று வந்ததும் கூட்டத்தின் தேதியைக் கேட்பதற்கு முன் பெரியவருக்குத்தான் செய்தி அனுப்பினேன்.

இடம் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டோக்கியோவின் நடுவில் அமைச்சகங்கள் இருக்கிற வட்டாரத்துக்கும் கசுமிகசெகி என்றுதான் பெயர். அங்கே இறங்கினால் புல் கிடைக்காது, கோப்புதான் கிடைக்கும். கிளப்புக்குப் பக்கத்து ஸ்டேஷன் கவாகோயே லைனில் இருக்கும் கசாஹதா. சின்ன ஸ்டேஷன், வெளியே வந்தால் குடியிருப்புத் தெரு. பெரியவரும் அவர் மனைவியும் காரோடு நின்றார்கள். மனைவிக்கு எழுபது இருக்கும். என்னைப் பார்த்ததும் ஓசூர் நாளின் மிச்சத் தமிழில் "சாப்ட்டாச்சா?" என்றார். அவருக்கு மறக்காத இன்னொரு சொல் "போதும்". எங்கள் வீட்டு விருந்துகள் கற்றுக்கொடுத்தது.

கிளப் தொடங்கியது 1929-ல். கிழக்கு, மேற்கு என்று இரண்டு பதினெட்டுக் குழி மைதானங்கள். ஒலிம்பிக் நடந்தது கிழக்கில். முதலில் அதை வடிவமைத்தவர் ஃபுஜிதா கின்யா. 1930-ல் இங்கிலாந்திலிருந்து சார்ல்ஸ் ஹக் ஆலிசன் என்ற வடிவமைப்பாளர் ஜப்பான் வந்தபோது இதையும் திருத்தினார். அவர் வெட்டிவிட்டுப் போன ஆழமான மணல் பள்ளங்களான பங்கர்களை அங்கே இன்றைக்கும் ஆலிசன் பங்கர் என்றே சொல்கிறார்கள். 1957-ல் இங்கே நடந்த, நாடுகள் மோதும் கனடா கோப்பையில் சாம் ஸ்னீட் ஆடிய அமெரிக்க அணியை நகமுரா தொராகிச்சி, ஓனோ கோயிச்சி ஜோடி தோற்கடித்தது. தனிநபர் பட்டமும் நகமுராவுக்கே. பெரியவர் அப்போது சின்னப் பையன், தெருவில் யாரோ ஒருவர் வீட்டு டிவி முன் கூட்டமாக நின்று பார்த்தாராம். ஜப்பானில் கோல்ஃப் பைத்தியம் பிடித்தது அதற்குப் பிறகுதான் என்றார். பின்னாளில் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்த ஹிதேகி மத்சுயாமா, மாணவனாக இருந்தபோது 2010-ல் ஆசிய அமெச்சூர் பட்டத்தை வென்றதும் இந்த கிளப்பில்தான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2017 வரை இங்கே பெண்கள் முழு உறுப்பினராக முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆடவும் தடை. ஒலிம்பிக்கை வைத்துச் சர்வதேச ஒலிம்பிக் குழு நெருக்கிய பிறகுதான் விதி மாறியது. இதைப் பெரியவரின் மனைவியிடம் காரிலேயே கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்ட வேலை நன்றாக நடந்தது" என்றார். அவ்வளவுதான். மேற்கொண்டு பேச அவருக்கு விருப்பமில்லை, எனக்கு இருந்தது. கார் வாசலுக்கு வந்துவிட்டது.

கிளப் கட்டடத்துக்குள் போக பிளேசர் வேண்டும். கையில் செல்போன் இருக்கக் கூடாது. ஷூவில் ஒட்டிய புல்லை ஊதிவிட ஒரு காற்றுக் குழாய், குடை வைக்கத் தனி இடம், தொப்பியைக் கழற்று என்று சொல்லாமல் சொல்கிற ஒரு கொக்கி வரிசை. தணிக்கைக்குப் போன இடத்தில் எதையுமே குறித்துக்கொள்ள முடியாமல் திரும்புகிற நாள் ஒன்று உண்டே, அந்த எரிச்சல் எனக்கு வந்தது.

நாங்கள் நான்கு பேர்: பெரியவர், அவர் மனைவி, அவர்களுடைய நண்பர், நான். நால்வருக்கும் ஒரே கேடி, அதாவது கட்டைகளைப் பார்த்துக்கொண்டு யோசனையும் சொல்கிற உதவியாளர். அறுபதைத் தாண்டிய பெண்மணி. தொப்பியின் பின்புறம் துணி தொங்கிக் கழுத்தை மூடியிருந்தது. இடுப்பில் மணல் பை. நாம் அடித்துப் பெயர்த்த புல் பள்ளத்தில் மணலைப் போட்டு மிதித்துவிட்டு, அடுத்த பந்து விழுவதற்குள் அங்கே போய் நிற்பார். என் அம்மா வயதுக்காரர் என் கட்டையைத் துடைத்துக் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம். மூன்றாவது குழிக்குள் அது போய்விட்டது. அவர் சொல்வதைக் கேட்க மட்டுமே எனக்கு நேரம் இருந்தது.

ஆண்களுக்கு ஒலிம்பிக்கில் இந்த மைதானம் 7,400 யார்டுக்கு மேல், பார் 71. நாங்கள் ஆடியது அதைவிட வெகு முன்னாலிருந்து. அப்படியும் நீளம்தான். ஃபேர்வேயில், அதாவது பந்து விழ வேண்டிய நடுப்பாதையில், இருப்பது ஜொய்சியா புல். நவம்பரில் பச்சை வடிந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. நம் ஊர் பெர்முடா புல்லில் பந்து அமுங்கி உட்காரும். ஜொய்சியாவின் விறைப்பில் டீ என்கிற ஆணியைக் குத்தி அதன்மேல் வைத்த மாதிரி மேலே நிற்கும். ஹைப்ரிட் கட்டையை நம்பி வாழ்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது வரம். ஆனால் இருபுறமும் ரஃபில் அதே புல் நீளமாக வளர்ந்து கட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருகிவிடும். நேராக அடிக்கிறவளுக்கு ஒரு நியாயம், தூரமாக அடிக்கிறவனுக்கு வேறு நியாயம். முதல்முறையாக என் பக்கம் சாய்ந்த மைதானம். பெரியவரின் நண்பர் ஒவ்வொரு குழியிலும் என்னைத் தாண்டி அறுபது யார்டு அடித்தார், அடித்துவிட்டு பைன் மரங்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தார்.

கிரீன் பற்றி. ஜப்பானின் பழைய மைதானங்களில் ஒரு குழிக்கு இரண்டு கிரீன் இருக்கும். கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் உறைபனி. ஒரே புல் இரண்டையும் தாங்காது என்று வெயிலுக்குக் கொராய் புல், குளிருக்கு பெண்ட் புல் என்று பக்கத்துப் பக்கத்தில் வளர்த்தார்கள். கிழக்கு மைதானமும் அப்படித்தான் இருந்தது. ஒலிம்பிக்குக்காக அமெரிக்க வடிவமைப்பாளர் டாம் ஃபாசியோவும் மகன் லோகனும் திருத்தியபோது இரண்டையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழிக்கும் ஒரே பெரிய கிரீன் போட்டார்கள். பழைய ஆட்களில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் என்றார் பெரியவர். அவருக்கு எப்படி என்று கேட்டதற்கு, "இப்போது பட் நீளமாகிவிட்டது" என்றார். நீண்ட பட் யாருக்குச் சாதகம் என்று எனக்குத் தெரியும். அதிதியைப் பார்த்தவர்களுக்கும் தெரியும்.

பட் அடிக்கக் கேடி அம்மா கோடு சொல்லும் விதம்தான் எனக்கு ஆகப் பிடித்தது. பந்து வலப்புறம் வளைந்தால் "ஸ்லைஸ்", இடப்புறம் என்றால் "ஃபுக்கு". அடுத்து அளவு. "ஒரு கப்", "இரண்டு கப்", "அரை கப்". கப் என்பது குழிதான், அதன் விட்டம் 108 மில்லிமீட்டர். ஆக, இரண்டு கப் இடது என்றால் 216 மில்லிமீட்டர் தள்ளிக் குறி வை என்று பொருள். இருபது வருடமாக அளவுமானிகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? தரையிலேயே அளவுகோல் பதித்து வைத்திருக்கிறார்கள், எல்லாக் கிரீனிலும், ஒரே அளவில். நான் ஒரு கப் என்று நினைத்த இடத்தில் அவர் தலையாட்டாமல் இரண்டு விரல் காட்டினால், அடித்துப் பார்க்காமலே அவர் சொன்னதுதான் சரி. ஐந்தாவது குழிக்கு மேல் நானே முதலில் சொல்லி, பிறகு அவர் விரலைப் பார்க்க ஆரம்பித்தேன். பாதி ஒத்துப்போனது.

சரிவை எப்படிப் படிக்கிறார் என்று பெரியவர் மூலம் கேட்டேன். மழை பெய்யும்போது பார்க்க வேண்டும் என்றார். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறதோ பந்தும் அந்தப் பக்கம். அடப்பாவமே, இது என் அப்பாவின் படிப்பாயிற்றே. கேஆர்பி அணை வாய்க்காலில் எங்கள் முறை வரும் ராத்திரியில் டார்ச்சுகூட இல்லாமல், எந்த மூலை நனையும் எது நனையாது என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார். மண்வெட்டியோடு அவர் பின்னால் நடந்த பெண் நான். மிச்சப் பாதியையும் நானே கண்டுபிடித்திருக்கலாம்.

ஒன்பது குழி முடிந்ததும் சாப்பாடு. ஜப்பானில் இதுதான் வழக்கம்: பாதி ஆட்டம், முக்கால் மணி நேரம் உட்கார்ந்து முழுச் சாப்பாடு, பிறகு மீதி ஆட்டம். மாட்டுக்கறி வேண்டாம் என்றதால் எனக்கு இறால் டெம்புராவும் சோபா நூடுல்ஸும் வந்தன. நண்பர் பீர் குடித்தார். ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவே இப்படி உட்கார வைப்பது எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை. காலையெல்லாம் சேர்த்து வைத்த கை ஓட்டம் சாப்பிட்டு எழுந்ததும் எங்கேயோ போய்விடுகிறது. அதிலும் இந்த மைதானத்தில் எழுந்து போய் நிற்கிற இடம் பத்தாவது குழி.

பத்து, பார் 3. முன்னால் குளம், அதைத் தாண்டி மேடு, மேட்டில் கிரீன், கிரீனுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு ஆலிசனின் பங்கர். படத்தில் பார்த்தால் அழகு. வயிறு நிறைய சோபாவோடு பார்த்தால் வேறு. தண்ணீரைத் தாண்டினேன். பந்து பங்கரின் முன்சுவரை ஒட்டி விழுந்தது. உள்ளே இறங்கி நின்றால் மணல் சுவர் என் தலைக்கு மேல். கிரீன் தெரியவில்லை, கொடியின் நுனி மட்டும் தெரிந்தது. சாண்ட் வெட்ஜைக் கேட்டேன். கேடி அம்மா அதைக் கொடுத்துவிட்டுக் கையைப் பக்கவாட்டில் நீட்டினார், கொடியைப் பார்க்காதே, இப்படி வெளியே போ என்று. போனேன். அங்கிருந்து ஏற்றி, இரண்டு பட். டபுள் போகி, பாரைவிட இரண்டு அடி கூட. சந்தோஷமாகவே எழுதிக்கொண்டேன். பெரியவர் நேராக அடித்துப் பார்த்தார், மூன்றுமுறை மணலிலேயே அடித்தார். 2017-ல் ட்ரம்போடு இங்கே ஆட வந்த பிரதமர் ஆபே, ஒரு பங்கரிலிருந்து வெளியே ஏறும்போது பின்னால் உருண்டு விழுந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்லிப் பெரியவரை அவர் மனைவிதான் சமாதானப்படுத்தினார்.

பதினொன்றிலிருந்து பதினேழு வரை சொல்ல அதிகமில்லை. பதினான்கு, முடிவே இல்லாத பார் 5. எனக்கு ஆறு அடி ஆனது கிரீனைத் தொட.

பதினெட்டில் மட்டும் நான் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். கொடி எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், அதிதியின் கடைசி பட் எங்கிருந்து போனதோ அங்கிருந்து ஒரு பந்து போட்டுப் பார்க்க வேண்டும். கேடி அம்மாவிடம் பெரியவர் விளக்கினார். அவர் சிரித்தார். அந்த ஒலிம்பிக்கில் கொரோனாவால் பார்வையாளர்களை விடவில்லை. தினம் மிதித்த மண்ணில் நடந்த போட்டியை அவரும் வீட்டில் டிவியில்தான் பார்த்திருக்கிறார். ஓசூரில் நான் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்த அதே நேரம். ஜப்பான் பெண் இனாமி வெள்ளிப் பதக்கத்துக்கு லிடியா கோவுடன் பிளே-ஆஃப் என்ற சமன் முறிக்கும் ஆட்டம் ஆடியதால் அவருக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருந்தது. அதிதியையும் நினைவிருந்தது. "அம்மா தூக்கினாரே, அந்தப் பெண்" என்றார்.

ஏறக்குறைய இங்கே என்று ஓர் இடத்தைக் காட்டினார். பெரியவரின் மனைவி, இல்லை, இன்னும் பின்னால் என்றார். நண்பர் செல்போனை எடுத்து வீடியோ பார்க்கலாம் என்றதற்கு இருவரும் சேர்ந்து முறைத்தார்கள். கடைசியில் இரண்டு இடத்துக்கும் நடுவில் பந்தை வைத்தேன். பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டுதான். நான் சொன்னது ஒன்றரை கப், ஸ்லைஸ். அவர் காட்டியது ஒரு விரல். ஒரு கப்புக்கே அடித்தேன். கொடியைத் தாண்டி இரண்டடி போய் நின்றது. பெரியவரின் மனைவி ஒன்றரைக்கு அடித்தார், வேகம் போதவில்லை. நண்பர் எதையும் கேட்காமல் அடித்தார், கிரீனை விட்டே வெளியே போனது. கேடி அம்மாவிடம் பட்டரை நீட்டினேன். வேலை நேரத்தில் ஆடக்கூடாது என்று கையை ஆட்டிவிட்டுக் கொடியைக் குழியில் செருகினார்.

ஆட்டம் முடிந்ததும் குளியல். பெரிய வெந்நீர்த் தொட்டி, எல்லோரும் ஒன்றாக, துணி கிடையாது. பெண்களுக்குத் தனி அறைதான் என்றாலும் காவேரிப்பட்டணத்துக்காரிக்கு இது லேசான காரியமில்லை. பெரியவரின் மனைவி சாவகாசமாக உள்ளே உட்கார்ந்து, "வா" என்று தமிழில் கூப்பிட்டார். போனேன். முதுகு வலி பாதி கரைந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

கட்டணத்தில் என்னை ஒரு யென்கூடப் போட விடவில்லை. ரசீதை மட்டும் எட்டிப் பார்த்தேன். மற்றதோடு கோல்ஃப் மைதானப் பயன்பாட்டு வரி என்று ஒரு வரி தனியாக இருந்தது. புல்லில் நடந்ததற்கு மாவட்டம் வாங்குகிற வரி. ஆளுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1,200 யென். எழுபது வயதானவர்களுக்கு அது கிடையாது. பெரியவரின் மனைவிக்கு அந்த வரி விழவில்லை என்பதில் அவருக்கு ஒரே பெருமை. திரும்பும் வழியில் கவாகோயே பழைய கடைத்தெருவில் நிறுத்தினார்கள். அந்த ஊருக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான் அடையாளம். சிப்ஸ், ஐஸ்கிரீம், சுட்டது, எல்லாம் கிழங்கு. சுட்டதை வாங்கித் தின்றேன். பாலக்கோடு சந்தைக் கிழங்குக்கு ஒரு படி கீழேதான், அதை அவர்களிடம் சொல்லவில்லை.

"நானும் ஆட முடியுமா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: கசுமிகசெகியில் உறுப்பினர் யாராவது அழைத்துப் போனால்தான் உண்டு. பெரிய போட்டி நடந்த மைதானம்தான் வேண்டும், ஆள் பழக்கம் இல்லை என்றால், சிபா மாவட்டம் இன்சாயில் நராஷினோ கண்ட்ரி கிளப் இருக்கிறது. நரிதா விமான நிலையத்துக்குப் பக்கம், இணையத்தில் முன்பதிவு செய்து எவரும் ஆடலாம். 2019 அக்டோபரில் ஜப்பானில் முதல்முறையாக நடந்த, அமெரிக்காவின் பிஜிஏ டூர் போட்டி அங்கேதான். மழையால் திங்கட்கிழமை வரை இழுத்து, டைகர் உட்ஸ் தன் 82-ஆவது பட்டத்தை வாங்கி சாம் ஸ்னீடின் சாதனைக் கணக்கைத் தொட்டார். 2021-ல் அதே போட்டியை அதே இடத்தில் மத்சுயாமா ஜெயித்தார்.

நவம்பரில் போவதானால் காலை எட்டுக்குப் பிந்திய நேரம் வாங்காதீர்கள். நடுவில் சாப்பாடு வேறு இருக்கிறது, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். கட்டைகள் வாடகைக்குக் கிடைக்கும், இடதுகைக்காரர்கள் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பட்டரை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோகலாம். விமானத்தில் கையோடு எடுத்துப் போக விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். என்னுடைய 33 அங்குல பட்டர் 29 அங்குலப் பெட்டியில் மூலைக்கு மூலை சாய்த்ததும் சரியாக உட்கார்ந்தது. அளந்து பார்த்துவிட்டுத்தான் பெட்டி வாங்கினேன்.